காஞ்சிபுரக் கோயிற் சிற்பங்களில் விலங்குப் போரும் வேட்டையும்

காஞ்சிபுரத்துக் கோயில்களில் விலங்குகள் ஒன்றோடொன்று பொருதல், தெய்வமோ மனிதரோ விலங்கைக் கொல்லுதல், வேட்டையாடுதல் ஆகியவற்றைக் காட்டும் சிற்பங்கள் பல்லவர் காலம் தொடங்கி விசயநகர, நாயக்கர் காலம் வரை அமைக்கப்பட்டுள்ளன. பெரிய காஞ்சிபுரத்தில் உள்ள கைலாசநாதர் கோயிலும் வைகுந்தப் பெருமாள் கோயிலும் இவற்றுள் காலத்தால் முந்தியவை. சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம் பிற்கால வளர்ச்சிக்கு எடுத்துக்காட்டாக அமைகிறது. இந்நகரின் பட்டு நெசவிலும் கோயில் விழாக்களிலும் வேட்டை என்னும் கருத்து இன்றும் வழங்கி வருகிறது.

உலகக் கலை வரலாற்றில் விலங்கு வேட்டைக் காட்சிகளுக்குப் பெயர் பெற்றது பண்டைய உரோமக் கலை ஆகும். உரோமரின் வேட்டைக் காட்சிகளில் பல, அரங்குகளில் மக்கள் முன்னிலையில் உண்மையாக நடந்தவற்றின் பதிவுகள். விலங்குகளை மக்கள் முன் கொல்வதற்கென்று கட்டப்பட்ட அத்தகைய அரங்கின் எச்சம் எதுவும் காஞ்சிபுரத்தில் கண்டறியப்படவில்லை. இங்குள்ள சிற்பங்களில் விலங்கு பெரும்பாலும் கட்டடத்தின் ஓர் உறுப்பாகவோ புராணக் கதையின் ஒரு பாத்திரமாகவோ வருகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் பார்ப்போர், தூணில் காணும் விலங்கு அனைத்தையும் "யாளி" என்றும், வீரன் அருகில் நிற்கும் காட்சி அனைத்தையும் "வேட்டை" என்றும் கொள்வது வழக்கமாகிவிட்டது.

உரோமரின் விலங்கு அரங்கு

உரோமப் பேரரசில் காட்டு விலங்குகளை அரங்கில் வேட்டையாடும் காட்சி வெனாட்டியோ எனப்பட்டது. கி.பி. 80 இல் கொலோசியம் திறக்கப்பட்டபோது நடந்த விழாக்களில் ஏறத்தாழ 9,000 விலங்குகள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் தியோ காசியசு எழுதியுள்ளார். இத்தகைய காட்சிகளுக்குச் செலவு செய்த செல்வந்தர்கள் தம் கொடையை நினைவுபடுத்தும் வகையில், வீட்டுத் தளங்களில் சிறு வண்ணக் கற்களைப் பதித்து அமைக்கும் மொசைக் ஓவியங்களாக அவற்றை வரைவித்தனர்.

இன்றைய துனீசியாவில் சுமிராத் என்னுமிடத்தில் கிடைத்த 3 ஆம் நூற்றாண்டு மொசைக் இவ்வகையில் சிறந்த சான்று. மகேரியசு என்பவர் தம் செலவில் நடத்திய சிறுத்தை வேட்டை இதில் காட்டப்பட்டுள்ளது. வேட்டைக்காரர் நால்வரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. கொல்லப்படும் நான்கு சிறுத்தைகளுக்கும் பெயர்கள் உண்டு: விக்டர், கிரிசுப்பினசு, லக்சூரியசு, ரோமானசு. ஒரு சிறுத்தைக்கு 500 தெனாரியசு வீதம் வழங்கும்படி அறிவிப்பாளன் கேட்டதும் அதனுள் எழுத்தாக உள்ளது. தட்டில் வைக்கப்பட்டிருக்கும் நான்கு பண முடிப்புகளின் மீது ஆயிரத்தைக் குறிக்கும் குறி காணப்படுவதால், கேட்டதைப் போல் இரு மடங்கு கொடுக்கப்பட்டது என்பது பெறப்படுகிறது. அது ஓவியம் என்பதோடு ஒரு வகைக் கணக்குச் சீட்டும் ஆகும். லிபியாவின் சிலிதன் மொசைக்கில், தண்டனை பெற்றோர் சிறு வண்டிகளில் கட்டப்பட்டுச் சிறுத்தைகளின் முன் தள்ளப்படும் காட்சி உள்ளது. அதன் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

சிசிலித் தீவில் பியாசா அர்மெரினா நகருக்கருகே உள்ள 4 ஆம் நூற்றாண்டு மாளிகையில், ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள நடைக்கூடத் தளம் முழுவதும், விலங்குகளை உயிருடன் பிடித்துக் கப்பலேற்றும் காட்சிகள் பரந்துள்ளன. குதிரையில் வரும் வேடன் கண்ணாடி உருண்டை ஒன்றை எறிய, அதில் தெரியும் தன் உருவைக் குட்டி என்று எண்ணிப் பெண்புலி நின்றுவிடும் காட்சியும் அவற்றுள் ஒன்று. கூடத்தின் ஒரு முனையில் யானைத் தந்தத்தை ஏந்தி, இரு பக்கமும் யானையும் புலியும் நிற்க அமர்ந்திருக்கும் பெண்ணுருவை இந்தியாவின் உருவகம் என்று ஆய்வாளர் பலர் கருதுவர்.

இந்தியப் புலியை உரோமர் முதன்முதலில் கண்டது, அகசுட்டசு பேரரசர் கி.மு. 20 அளவில் சாமோசு தீவில் இருந்தபோது இந்தியத் தூதர் கொண்டுவந்த புலிகளின் வாயிலாகவே என்று தியோ காசியசு குறிப்பிடுகிறார். ஆயினும் தமிழகத் துறைமுகங்களின் பங்கு வேறுவகையானது. முசிறியில் இருந்து சென்ற கப்பல் ஒன்றின் சரக்கைக் குறிப்பிடும், வியன்னாவில் உள்ள 2 ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஆவணத்தில் யானைத் தந்தம் இடம்பெறுகிறது. உயிருள்ள விலங்கு இடம்பெறவில்லை. 1945 இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் உரோமரின் மதுச் சாடிகளும் மட்கலங்களும் கிடைத்தன. இவ்வணிகத்தின் வழியே உரோமரின் வேட்டை ஓவிய மரபு தமிழகத்துக்கு வந்தது என்று கூறுவதற்கு இடமில்லை. காஞ்சிபுரத்துச் சிற்பங்கள் தோன்றிய காலம் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. அவற்றின் வேர்களும் வேறு.

கைலாசநாதர் கோயில்: தூண் தாங்கும் சிங்கம்

பெரிய காஞ்சிபுரத்தின் மேற்கு எல்லையில், நெசவாளர் மிகுந்து வாழும் பிள்ளையார்பாளையத்தை ஒட்டிக் கைலாசநாதர் கோயில் அமைந்துள்ளது. இது பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனால் 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. இராசசிம்மன் என்பது அவனுடைய சிறப்புப் பெயர். கல்வெட்டுகளில் கோயிலும் அவன் பெயராலேயே இராசசிம்ம பல்லவேச்சுரம் எனப்படுகிறது.

கோயிலுக்குள் நுழைவோர் முதலில் காண்பது சிங்கங்களையே. விமானத்தின் சுவர்களிலும் திருச்சுற்றில் வரிசையாக அமைந்த சிறு சன்னதிகளிலும், அரைத்தூண்களின் அடிப்பகுதியில் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் சிங்கங்கள் செதுக்கப்பட்டுள்ளன. திறந்த வாயும் பிதுங்கிய கண்களும் சுருள் பிடரியும் கொண்டு அவை சுவரில் இருந்து வெளியே பாய்வன போல் தோன்றும். சிலவற்றின் முதுகில் வீரன் அமர்ந்திருப்பான். எனினும் அவ்வீரன் எதனையும் வேட்டையாடவில்லை. சிங்கமும் எவரையும் கொல்லவில்லை. சிங்கத்தின் தலைக்கு மேல் தூணின் உடல் எழுகிறது. பாய முயலும் விலங்கின் ஆற்றல், பாரம் தாங்கும் ஆற்றலாக மாற்றப்பட்டுள்ளது என்பதே இதன் உட்பொருள்.

பல்லவர் கட்டடக்கலையின் கால வரிசையை அறிய இச்சிங்கங்கள் பெரிதும் துணை செய்கின்றன. முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரைகளில் தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும், இடையில் எட்டுப் பட்டையாகவும் விலங்குருவம் ஏதுமின்றி அமைந்தவை. மாமல்லன் காலப் பாணியில், மாமல்லபுரத்தில் காண்பது போல், தூணின் அடியில் சிங்கம் அமர்ந்த நிலையில் இடம்பெறுகிறது. இராசசிம்மன் காலத்தில் அதுவே எழுந்து நிற்கிறது. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் இவ்வாறு தூண்களின் வளர்ச்சியைக் கொண்டு பல்லவர் கலையைக் காலப் பகுப்புச் செய்தார்.

சிங்கம் பல்லவரின் அரச இலச்சினை என்று கருதுவோரும் உளர். அவர்களுடைய செப்பேட்டு முத்திரைகளில் காணப்படுவது காளையே ஆகும். எனவே தூண் சிங்கத்தை அரசனுடைய பெயரோடு தொடர்புபடுத்துவது, இலச்சினையோடு தொடர்புபடுத்துவதை விடப் பொருத்தமானது. திருச்சுற்றுச் சன்னதிகளில் இராசசிம்மனின் பட்டப்பெயர்கள் இருநூற்றுக்கும் மேல் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் யானையியலில் தேர்ந்த வத்சராசனுக்கு, அதாவது உதயணனுக்கு, அரசனை ஒப்பிடும் பெயரும் ஒன்று. யானையை வீணையிசையால் வசப்படுத்தியவனாகக் கதைகளில் வருபவன் உதயணன். விலங்கைக் கொன்றவன் என்னும் புகழை விட, அதனை அறிந்து அடக்கியவன் என்னும் புகழை இம்மன்னன் விரும்பினான் என்று இதனைக் கொண்டு கருதலாம்.

தெய்வ வேட்டை

கைலாசநாதர் கோயிலில் கொலையும் வேட்டையும் இல்லாமல் இல்லை. அவை தெய்வங்களின் செயல்களாகவே காட்டப்பட்டுள்ளன.

முதலாவது, யானையை உரித்த சிவன் ஆகிய கசசங்கார மூர்த்தி. பல கைகளோடு திரும்பி நிற்கும் சிவனின் தலைக்கு மேல் உரித்த யானைத் தோல் விரிந்து நிற்கும். சண்டை முடிந்துவிட்டது, சிற்பி காட்டுவது யானை வீழ்ந்த பின்னர் உள்ள கணம். அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றான வழுவூர் இக்கதைக்கு உரியது. இக்கதையின் ஒரு வடிவம் தாருகாவனத்து முனிவர்களைப் பற்றியது. பிச்சை ஏற்பவராக வந்த சிவன் மீது சினங்கொண்ட முனிவர்கள் வேள்வியில் இருந்து புலி, மான், பாம்பு, யானை முதலியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஏவினர். சிவன் புலித்தோலை உடுத்தி, மானைக் கையில் ஏந்தி, பாம்பை அணியாகப் பூண்டார் என்பது கதை. விலங்குகள் வரிசையாக ஒருவர் மீது ஏவப்படுவது என்னும் அளவில் மட்டும் இது உரோம அரங்கை நினைவூட்டும். முடிவோ முற்றிலும் வேறு. ஏவப்பட்ட விலங்குகள் எதிர்த்து நின்றவரின் திருமேனியிலேயே இடம்பெற்று, வழிபடுவோர் அவரை அடையாளம் காணும் குறிகளாகிவிடுகின்றன. இக்கதையை விரிவாகக் கூறும் தமிழ் நூல்களுள் கந்தபுராணம் குறிப்பிடத்தக்கது. அதனைக் கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றி அரங்கேற்றிய இடம் பெரிய காஞ்சிபுரத்துக் குமரகோட்டம் என்பது மரபு.

இரண்டாவது, கிராதார்ச்சுனக் கதை. தவம் செய்யும் அருச்சுனனைக் கொல்லப் பன்றி வடிவில் வந்த அசுரன் மீது, அருச்சுனனும் வேடன் வடிவில் வந்த சிவனும் ஒரே நேரத்தில் அம்பெய்தனர். பன்றி யாருக்கு உரியது என்னும் வழக்கு இருவருக்கும் இடையே போராக முற்றியது. கைலாசநாதர் கோயிற் சிற்பத்தில் முதன்மை பெறுவோர் பொருது நிற்கும் இருவருமே. வேட்டை விலங்கு, கதை தொடங்குவதற்கு ஒரு காரணம் மட்டுமே. வேட்டைக் களம் பின்னர் அருள் பெறும் களமாகிறது.

மூன்றாவதாகக் கொற்றவை வடிவங்களைக் கூறலாம். சிங்கம் இங்கே தேவியின் துணைவன். வேட்டையாடப்படும் விலங்கு அன்று. எருமைத்தலை அசுரனை வெல்லும் போர்க் காட்சி மிக விரிவாக அமைந்திருப்பது மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குடைவரையிலே ஆகும். காஞ்சிபுரத்துச் சிற்பங்களைப் பயில்வோர் அதனையும் உடன் காண்பது நன்று.

வைகுந்தப் பெருமாள் கோயில்

இரண்டாம் நந்திவர்மன் எனப்படும் பல்லவமல்லன் 8 ஆம் நூற்றாண்டில் கட்டிய இக்கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில், பல்லவரின் குல வரலாறு பிரமனில் தொடங்கிப் பல்லவமல்லன் காலம் வரை புடைப்புச் சிற்பங்களாகத் தொடர்ந்து காட்டப்பட்டுள்ளது. இச்சிற்பங்களை ஆராய்ந்து சி. மீனாட்சி எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941 இல் வெளியிட்டது. தமிழகத்தில் அரச வரலாற்றைச் சிற்பத் தொடராகக் காட்டும் முயற்சிகளுள் இதற்கு இணையானவை மிகச் சில.

இங்கே யானைகளும் குதிரைகளும் மிகுதியாக உள்ளன. அவை போர்க்களத்தில் மன்னரையும் வீரரையும் சுமந்து செல்பவை. போர்க் காட்சிகளில் யானையோடு யானை நெருங்கி நிற்கும் இடங்களை விலங்குப் போர் விளையாட்டு என்று கொள்ளுதல் தவறாகும். அது படைப் போரின் ஒரு பகுதி. திருச்சுற்று மண்டபத் தூண்களின் அடியில் சிங்கங்கள் மீண்டும் தோன்றுகின்றன. எனவே ஒரே கோயிலில் விலங்கு இரு நிலைகளில் உள்ளது: சுவரில் வரலாற்றின் பங்காளி, தூணில் பாரம் தாங்கும் உறுப்பு. உரோம மொசைக்கில் போல விலங்கின் பெயர் எழுதப்படவில்லை.

நடுகற்கள்: பெயர் பெற்ற மரணங்கள்

தமிழகத்தில் விலங்கோடு பொருது உண்மையாக இறந்தோரைத் தேடினால், கோயிற் சுவர்களை விட்டு நடுகற்களுக்குச் செல்ல வேண்டும். ஆநிரையைக் காக்கப் புலியை எதிர்த்து வீழ்ந்த வீரருக்கு எடுத்த கற்கள் புலிக்குத்திப்பட்டான் கல் எனவும், பன்றியோடு பொருது வீழ்ந்தோருக்கு எடுத்தவை பன்றிக்குத்திப்பட்டான் கல் எனவும் அழைக்கப்படுகின்றன. கொங்குப் பகுதி, தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் நடுகற்கள் மிகுதி. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கண்டறியப்பட்டு, 1972 இல் நூலாக வெளியிடப்பட்டன. காஞ்சியில் மன்னர்கள் சிங்கத் தூண் எழுப்பிய அதே காலப்பகுதியில், அவர்களுடைய ஆட்சியாண்டைக் குறித்து ஊரார் வீரர்க்குக் கல் நட்டுக்கொண்டிருந்தனர்.

சேலம் மாவட்டம் கருவந்துறையில் கிடைத்த கல் ஒன்று இவ்வகையில் தனித்தது. எருது விளையாடி இறந்த சங்கன் என்பவனின் பெயரும், கல்லை நட்டவன் அவன் மகன் என்பதும் அதில் எழுதப்பட்டுள்ளன. மாட்டின் கொம்பைப் பற்றிய நிலையில் வீரன் செதுக்கப்பட்டுள்ளான். மகேரியசின் மொசைக்கோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். அங்கே செலவு செய்தவரின் பெயர் பெரிதாக நிற்கிறது. கொல்லப்பட்ட சிறுத்தைகளுக்கும் பெயர் உண்டு. இங்கே இறந்தவனின் பெயரும் அவன் மகனின் செயலுமே செய்தி. விளையாட்டை நடத்தியவர் யார் என்பதைக் கல் கூறவில்லை.

விசயநகரக் காலம்: குதிரையும் புலியும்

16 ஆம் நூற்றாண்டில் மண்டபத் தூண்கள் பெரிதும் மாறின. தூணின் முகப்பில் இருந்து முழு உருவாக வெளியேறிப் பாயும் குதிரைகளும் யாளிகளும், அவற்றின் மீது வீரர்களும், அடியில் காலாட்களும் செதுக்கப்பட்டனர். வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபம் இப்பாணியின் சிறந்த எடுத்துக்காட்டு. கல்லில் செதுக்கிய சங்கிலி வளையங்களுக்காக இது பலராலும் பேசப்படுவதால், தூண்களின் விலங்குருவங்களை நின்று பார்ப்போர் குறைவு.

இப்பாணியில் வேட்டை மிகத் தெளிவாகக் காட்டப்படுவது திருவரங்கத்துச் சேசராயர் மண்டபத்திலே ஆகும். அங்கே முன்னங்கால்களைத் தூக்கி எழும் குதிரையின் மீதிருந்து வீரன் புலியை ஈட்டியால் குத்துகிறான்; கீழே காலாட்கள் உதவுகின்றனர். வேலூர்க் கோட்டையில் உள்ள சலகண்டேசுவரர் கோயிற் கல்யாண மண்டபத்திலும் குதிரை வீரரும் யாளிகளும் உண்டு. குதிரை அக்காலத்தில் அரபு, போர்த்துகேய வணிகரிடம் இருந்து பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்டது. அதனைக் கோயில் மண்டபத்தில் நிறுத்துவது ஆட்சியின் வலிமையைக் காட்டுவதாகவும் இருந்தது. உரோமப் பெருமக்களின் நோக்கத்துக்குத் தென்னிந்தியச் சிற்பம் ஓரளவு நெருங்கி வருவது இங்கேதான்.

விசயநகரத் தலைநகரமான அம்பியில் மகாநவமி மேடையின் அடித்தள வரிசைகளில் யானை, ஒட்டகம், வேட்டை, ஆடல் முதலிய காட்சிகள் பட்டை பட்டையாக உள்ளன. அம்மேடையை ஒட்டி நடந்த விழாவை 1520 அளவில் கண்ட போர்த்துகேயர் தொமிங்கோ பாயசு, மற்போரையும் எருமை, ஆடுகளின் பலியையும் விவரித்துள்ளார். அரசன் முன்னிலையில் மக்கள் கூடிப் பார்க்கும் காட்சி என்ற வகையில், தென்னிந்தியாவில் உரோம அரங்குக்கு ஒப்பிடத்தக்க சூழல் இதுவே எனலாம். அங்கும் விலங்கின் இறப்பு பலி என்னும் சடங்கைச் சார்ந்தது.

யாளியை அடையாளம் காணல்

யாளி என்பது சிங்க உடலோடு பிற விலங்கின் உறுப்புகள் கலந்த கற்பனை விலங்கு. சிங்கமுகம், யானைமுகம், குதிரைமுகம் என அதன் வகைகள் பல. துதிக்கையோ தந்தமோ இருந்தால் அதனைச் சிங்கம் எனல் ஆகாது. கைலாசநாதர் கோயிலின் தூண் விலங்குகளைப் பொதுவாகச் சிங்கம் என்பதே பொருந்தும். விசயநகர மண்டபங்களில் யாளியின் துதிக்கை கீழே உள்ள சிறு யானையின் துதிக்கையோடு பின்னியிருப்பதும் உண்டு. யாளி யானையை வெல்லும் என்னும் பழங்கருத்தின் வடிவம் அது. தாராசுரம் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தை விலங்குப் போர் என்று சிலர் விளக்குவர். ஒரு பக்கத்தை மறைத்தால் யானையும், மறுபக்கத்தை மறைத்தால் காளையும் தெரியும்படி அமைத்த சிற்பியின் கண்கட்டு வித்தையாகவே அதனைக் கொள்ளுதல் தகும்.

மண்டபத் தூண்களின் சதுரப் பட்டைகளில் வரும் வில்லேந்திய உருவங்களையும் கவனிக்க வேண்டும். காலை இலிங்கத்தின் மேல் ஊன்றித் தன் கண்ணை அகழும் வேடன் கண்ணப்ப நாயனார் ஆவார். அது வேட்டைக் காட்சி அன்று.

பட்டு நெசவில் வேட்டை

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் யானை, சிங்கம், யாளி, மான், அன்னம், மயில், இருதலைப் பட்சி முதலியவை சரிகையில் நெய்யப்படுகின்றன. காட்டு விலங்குகளும் மரஞ்செடிகளும் நிறைந்த கோலம் வனசிங்காரம் எனப்படும். வேடரும் குதிரை வீரரும் விலங்குகளும் தொடர்ந்து வரும் கரைக்கு வேட்டைதாரி என்று பெயர்.

முற்காலத்தில் அடை எனப்படும் நூற்கட்டு முறையில், உடன் இருப்பவர் நூல்களை இழுத்துக் கொடுக்க உருவங்கள் நெய்யப்பட்டன. பின்னர் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் ஜக்கார்டு பெட்டி வந்தது. இரு முறைகளிலும் ஓர் உருவத்துக்குக் கிடைக்கும் பாவு நூல்கள் அளவானவை. ஆதலின் வளைந்த கோடுகள் சிறு படிகளாக மாறும். விலங்கு பக்கவாட்டிலேயே தெரியும். வேடனும் மானும் சேர்ந்த ஒரே அலகு கரையின் நீளம் முழுவதும் மீண்டும் மீண்டும் வருவதால், அம்பு விடுபடுவதும் மான் வீழ்வதும் நெசவில் இடம்பெறுவதில்லை. நெசவாளருக்கு இக்கோலங்கள் கோயிற் சுவரில் இருந்து கிடைத்தன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. யாளி போன்ற உருவங்களில் இது ஏற்கத்தக்கது. வேட்டைக் கரையின் குதிரை வீரரோ பல்லவர் சிற்பத்தை விடப் பிற்கால மண்டபத் தூண்களுக்கே நெருக்கமானவர்கள். காஞ்சிபுரம் பட்டு 2005-06 இல் புவிசார் குறியீடு பெற்றது.

பார்வேட்டை

வரதராசப் பெருமாள் ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கல் நாளை ஒட்டிப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளும் விழா பார்வேட்டை அல்லது பரிவேட்டை எனப்படுகிறது. பின்னர் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகியவை கூடும் திருமுக்கூடலில் பிற ஊர்ப் பெருமாள்களும் உடன் எழுந்தருள்வர். வேட்டை என்னும் பெயர் இருப்பினும் விலங்கு எதுவும் கொல்லப்படுவதில்லை. அரசன் தன் நாட்டின் எல்லையைச் சென்று காணும் பழைய வழக்கத்தின் சாயல் இதில் உண்டு.

பாதுகாப்பு

கைலாசநாதர் கோயிலின் அடித்தளத்தில் கருங்கல் இடம்பெற்றாலும், சிற்பங்கள் நிறைந்த மேற்பகுதி மணற்கல்லால் ஆனது. மணற்கல் மழையிலும் உப்பிலும் அரிபடக்கூடியது. இதனால் சிங்கங்கள் பலவற்றின் முகமும் முன்னங்கால்களும் தேய்ந்தன. பிற்காலத்தில் அவற்றின் மேல் தடித்த சுதைப் பூச்சுப் பூசப்பட்டு, கண்களும் மீசையும் பிடரியும் புதிதாக உருவாக்கப்பட்டன. இன்று பார்வையாளர் ஒளிப்படம் எடுக்கும் சீற்றம் மிக்க முகங்களுள் பல இவ்வாறு சுதையில் செய்யப்பட்டவை. பல்லவச் சிற்பியின் உளி அதற்கு அடியில் உள்ளது.

சுதை முழுவதும் பிற்காலத்தது என்று கூறிவிடவும் இயலாது. பல்லவர் காலத்திலேயே கல்லின் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சும் வண்ணமும் இருந்தன. திருச்சுற்றுச் சன்னதிகளில் எஞ்சியுள்ள ஓவியங்களை 1931 இல் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார். ஆகவே தடித்த பூச்சை அகற்ற முற்படும்போது, அடியில் உள்ள மெல்லிய பழம் பூச்சும் அதனோடு பெயர்ந்துவிடக்கூடும். ஒரு சிங்கத்தின் முகத்தில் எது 8 ஆம் நூற்றாண்டுக்கு உரியது, எது பின்னர் சேர்ந்தது என்று பிரித்தறிய, 1909 இல் வெளிவந்த அலெக்சாண்டர் ரேயின் பல்லவர் கட்டடக்கலை நூலில் உள்ள வரைபடங்களும் ஒளிப்படங்களும் பயன்படுகின்றன. கைலாசநாதர் கோயிலும் வைகுந்தப் பெருமாள் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கைலாசநாதர் கோயிலைக் காணச் செல்வோர், பூச்சு உதிர்ந்து மணற்கல் வெளிப்பட்டுள்ள சிங்கங்களைத் தேடிப் பார்த்தல் நன்று. அவற்றில் முகம் தெளிவின்றி இருப்பினும், தோளின் திரட்சியும் மார்பின் வளைவும் பழைய உளியின் அளவிலேயே எஞ்சியுள்ளன.